பொருள் நிரல் ஊருக்கும் வரட்டும்

நகர்மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்டால் பெரும்பாலானோர் செய்தித்தாளில் பார்த்த படத்தைத்தான் சொல்வார்கள். காலிக் குடத்தோடு வந்த கவுன்சிலர், தரையில் உட்கார்ந்து தர்ணா, கோஷம், வெளிநடப்பு. அது கூட்டத்தின் சத்தம். ஊர்ப் பணம் எங்கே போகிறது என்ற செய்தி அந்தச் சத்தத்துக்கு அடியில், எண் போட்ட தாள்களில், யாரும் வாசிக்காமல் கடந்து போய்விடும். அந்தத் தாள்களைத் தயாரிக்கும் மேசையில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். நகராட்சி அலுவலகத்தின் மன்றப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே உதவியாளராகி, ஓய்வு பெற்றேன். ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. பக்கத்து நகராட்சிகளில் அதே மேசையில் இருந்த தோழிகளும் இதையேதான் சொல்வார்கள்.

கூட்டத்தின் உயிர் பொருள் நிரலில் இருக்கிறது. அலுவலகத்தில் அதை அஜெண்டா என்போம். பொறியியல், வருவாய், சுகாதாரம், நகரமைப்பு என்று எல்லாப் பிரிவுகளிலிருந்தும் கோப்புகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு பொருள் எண் பெறும். இன்ன வார்டு, இன்ன தெரு, இத்தனை லட்சம் மதிப்பீட்டில் மழைநீர் வடிகால். வந்த ஒப்பந்தப்புள்ளிகள் இத்தனை. குறைந்த தொகை கேட்டவர் இவர். மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது. அதன் கீழே அலுவலகக் குறிப்பு. ஆணையர் கையெழுத்திட்டு, தலைவர் ஒப்புக்கொண்டதும் நகல் எடுத்துக் கட்டுவோம். அலுவலக உதவியாளர் வண்டியில் ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுக்கும் போய், கட்டைக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வருவார். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே அது அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்து வந்த விதி.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் ஊரே அதற்குள் இருக்கும். பேருந்து நிலையத்துக் கடைகளின் வாடகை, சைக்கிள் ஸ்டாண்ட் குத்தகை, வாரச்சந்தை வசூல் ஏலம், கட்டணக் கழிப்பிடத்தை யார் நடத்துவது, எரிவாயு தகனமேடைப் பராமரிப்பு, குப்பை வண்டி வாடகை, நுண் உரக் கூடம் எந்தத் தெரு முனையில் வரப்போகிறது என்பது. இந்தக் கடைசிப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு இதைவிட முக்கியமான தாள் அந்த மாதத்தில் வேறொன்று இல்லை. ஆனால் அந்தத் தாள் அவருக்குப் போவதில்லை. கவுன்சிலருக்குப் போகும். அலுவலர்களுக்குப் போகும். சில ஊர்களில் செய்தியாளர்களுக்கும் ஒரு பிரதி கிடைக்கும். தெருவாசிக்கு அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வரும்போதுதான் தெரியும். அப்போது தீர்மானம் முடிந்து, பணி ஆணை கொடுத்து, முன்வைப்புத் தொகையும் கட்டியாகியிருக்கும். பிறகு சாலை மறியல், காவல் துறை, சமாதானப் பேச்சு. நான் பார்த்த வரையில், இப்படி மறியலில் முடிந்த விவகாரங்களில் பெரும்பாலானவை முதலில் ஒரு பொருள் எண்ணாகச் சத்தமில்லாமல் கடந்துபோனவைதான்.

மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கையே இல்லை. அதே 1920 சட்டத்தின் அட்டவணையிலேயே அது இருந்தது. கூட்டங்கள் எல்லாம் பொதுமக்கள் காணத் திறந்தவை. குறிப்பிட்ட ஒரு நேர்வில் மட்டும், காரணத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிட்டு, மக்களை வெளியேறச் சொல்லலாம். வெள்ளைக்காரன் காலத்து விதிதான், ஆனால் எவ்வளவு தெளிவு பாருங்கள். கதவைச் சாத்துவதற்கு உரிமை உண்டு. ஏன் சாத்தினாய் என்று எழுதிவைக்கும் கடமையும் கூடவே உண்டு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்கள் விடைபெற்றன. கதவு இன்றும் சாத்தப்படவில்லை. ஆனாலும் உள்ளே வந்து உட்காருகிற குடிமகனுக்கு அங்கே நடப்பது புரிவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு முறை கூட்டம் பார்க்க வந்தார். பார்வையாளர் இருக்கையில் அவரையும், தலைவரைப் பார்க்க வந்த கட்சிக்காரர்கள் சிலரையும் தவிர வேறு யாரும் இல்லை. திருக்குறள் வாசித்தார்கள், கூட்டம் தொடங்கியது. உதவியாளர் எழுந்து "பொருள் எண் 1" என்பார். மேசையைத் தட்டுவார்கள். "பொருள் எண் 2." மேசையைத் தட்டுவார்கள். சிறிது நேரத்தில் யாரோ "ஆல் பாஸ்!" என்று குரல் கொடுக்க, மிச்சம் உள்ள அத்தனையும் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். அதன் பிறகுதான் கவுன்சிலர்கள் மைக்கைப் பிடித்து, என் வார்டில் விளக்கு எரியவில்லை, என் வார்டில் நாய்த் தொல்லை என்று பேசத் தொடங்குவார்கள். கூட்டம் முடிந்ததும் ஆசிரியர் நேராக என் மேசைக்கு வந்தார். "அம்மா, அந்த முப்பத்தொண்ணு என்னது? எல்லாரும் ரொம்ப வேகமாத் தட்டினாங்களே" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதைக் கூட்டத்துக்கு முன்பே கேட்க அவருக்கு வழி இருந்திருக்க வேண்டும். கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தாளைக் கொடுக்காமல் இருந்தால், வருகிறவர் மேசை தட்டுகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கவுன்சிலருக்கு அஜெண்டா போகும் அதே நாளில், அதே கட்டு, இணைப்புகளோடு ஊருக்கும் போக வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

வரும் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்த அரசாணை வந்தது. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடி வரையான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு. சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை போனது. ஒவ்வொரு மன்றமும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அப்போது பெரும்பாலான கவுன்சிலர்கள் பதவியேற்று ஒன்றிரண்டு மாதம்கூட நிறையவில்லை. உயர்த்தாவிட்டால் பதினைந்தாவது நிதிக்குழு மானியம் வராது என்பது அலுவலகம் சொன்ன காரணம். அது உண்மையான காரணமும்கூட. ஆனால் அந்தக் காரணத்தை யார் யாரிடம் சொன்னார்கள்? எங்கள் ஊரில் அது பல பொருள்களில் ஒன்றாக வந்தது, போனது. ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்று வந்த அறிவிப்பைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. வரி ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் என் தெருவில் எல்லாரும் பேசினார்கள். உயர்வு தேவையா இல்லையா என்பது வேறு வாதம். எந்த வீட்டுக்கு எவ்வளவு, எதற்காக, மானியம் எவ்வளவு நிற்கும் என்ற அலுவலகக் குறிப்பை முன்கூட்டியே ஊர் படித்திருந்தால், அந்தக் கோபத்தில் பாதியாவது கேள்வியாக மாறி மன்றத்துக்குள் வந்திருக்கும். கவுன்சிலரும் வெறுமனே மேசை தட்டிவிட்டுப் போயிருக்க முடியாது.

இனி, அஜெண்டாவில் வராத பொருள்கள். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கூட்ட நாளன்று காலையில், சில நேரம் கூட்டம் தொடங்கிய பிறகும், ஒரு தாள் வரும். இதற்கு டேபிள் அஜெண்டா என்று பெயர். மேசைப் பொருள். மூன்று நாள் முன்பே கவுன்சிலர்களுக்குப் போன கட்டில் அது இருக்காது. கவுன்சிலருக்கே அப்போதுதான் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் திடீர் வெள்ளம், டெங்கு, உடைந்த குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்காகவே இந்த வழி இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் கோப்பில் கிடந்த ஒப்பந்தங்கள், குத்தகை நீட்டிப்புகள் இந்த வழியாக வருவதைப் பார்த்திருக்கிறேன். அவசரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. கேட்க வேண்டியவர்களோ கையில் தாள் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று பின்னேற்பு. 'அவசர அவசியம் கருதி, மன்ற அனுமதியை எதிர்நோக்கி, தலைவரின் முன் அனுமதியுடன் பணி மேற்கொள்ளப்பட்டது. செலவினத்தை மன்றம் பின்னேற்கலாம்.' இந்த வாக்கியம் எந்த நகராட்சித் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தாலும் கிடைக்கும். மோட்டார் பழுது, சுகாதாரப் பணிக்குத் தற்காலிக ஆள், பிளீச்சிங் பவுடர் கொள்முதல் என்று நியாயமாகவே பல செலவுகள் கூட்டத்துக்காகக் காத்திருக்க முடியாதவை. காத்திருந்தால் தண்ணீர் வராது. பின்னேற்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கூட்டத்தின் பொருள்களில் எத்தனை 'அனுமதிக்கு', எத்தனை 'பின்னேற்புக்கு' என்று எண்ணிப் பாருங்கள். அந்த விகிதம் ஒன்றே அந்த மன்றத்தைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். பின்னேற்பு மிகுந்த மன்றத்தில் உறுப்பினர்கள் முடிவெடுப்பதில்லை; எடுத்த முடிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தக் கணக்கை ஊரில் ஒரு கல்லூரி மாணவி பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம், அஜெண்டா அவள் கைக்கு எட்டினால்.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க முடியாது என்பவர்களுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சொல்கிறேன். 1952இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் மைக்கேல் ஹாரிஸ் என்ற செய்தியாளர், உள்ளாட்சி மன்றங்கள் ரகசியமாகக் கூடி முடிவெடுப்பதைப் பத்துப் பகுதிகளாக எழுதினார். மறு ஆண்டே ரால்ஃப் பிரௌன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. இன்றும் அது பிரௌன் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. பின்னாளில் திருத்தப்பட்டு இப்போது உள்ளபடி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள் நிரலைப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். அதில் இல்லாத பொருளின் மேல் மன்றம் முடிவெடுக்கக் கூடாது. நிரல் ஒட்டிய பிறகுதான் தேவை எழுந்தது என்று மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வாக்களித்தால், அல்லது உண்மையான அவசர நிலை என்றால் மட்டும் விலக்கு. பொருள் எடுத்துக்கொள்ளப்படுமுன் பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும். பெரும்பான்மை உறுப்பினர்கள் மன்றத்துக்கு வெளியே, ஒருவர் மாற்றி ஒருவராகத் தொலைபேசியில் பேசி முடிவுக்கு வந்துவிடுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. நம் ஊரில் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு திருமண மண்டபத்தில் நடக்கும் 'ஆலோசனை'யை நினைத்துப் பார்த்தால் இந்தத் தடையின் அருமை விளங்கும். அந்த ஊர்களில் ஊழல் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மேசைப் பொருள் அங்கே பழக்கமாக இருக்க முடியாது.

பிரிட்டனில் செய்தியாளர்களை மன்றங்கள் வெளியே நிறுத்தியபோது, 1960இல் அதற்கெதிராக மசோதா கொண்டுவந்தவர் அப்போது புதிய உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் உரையே அதைப் பற்றியதுதான். அவருடைய பிற்கால அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லாதவை நிறைய. இந்தச் சட்டத்துக்காக மட்டும் அவரை நினைப்பேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இது ஏற்கெனவே பாதி நடக்கிறது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராமத்தின் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டம், மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறாகியிருக்கிறது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏல உரிமை கொடுத்தபோது, 2024 நவம்பரில் அந்த வட்டாரத்துக் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபையால் மட்டும் அது நடந்துவிடவில்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்த பேரணியும் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் என்ன நினைக்கிறது என்பதைக் கையெழுத்தோடு எழுதிவைக்க அவர்களுக்கு ஒரு சபை இருந்தது. அதே மதுரையில் மாநகராட்சி எல்லைக்குள் வாழும் ஒருவருக்கு அப்படி எழுதிவைக்க எது இருக்கிறது?

கிராம ஊராட்சிகளை மாநகராட்சியோடும் நகராட்சியோடும் இணைக்கும்போது மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று அதிகாரிகள் வியப்பதைப் பார்க்கிறேன். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பவை முதல் காரணங்கள். கிராம சபையும் போய்விடும் என்பதைப் பல பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலைவரை நேருக்கு நேர் நிறுத்தி, தெரு விளக்குக்கு வாங்கிய பல்பின் விலையைக் கேட்ட இடம் அது. இணைப்பு ஆணை வந்த மறுநாள் அவர்களுக்கு அந்த இடம் இல்லை.

நகரத்தில் கிராம சபைக்கு மாற்றாக வந்தது ஏரியா சபை. அதன் கதையே ஒரு பாடம். ஜேஎன்என்யுஆர்எம் என்ற நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் நிதிக்கு நிபந்தனையாக மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் வேண்டும் என்று ஒன்றிய அரசு சொன்னதால், 2010இல் வார்டு குழுவும் ஏரியா சபையும் நம் சட்டத்தில் இடம்பிடித்தன. விதிகள் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2022இல்தான் வந்தன. அந்த நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே உட்கார்ந்து மக்கள் குறை கேட்டார். நல்ல தொடக்கம், மறுப்பதற்கில்லை. என் வார்டு ஏரியா சபைக்கு நானும் போகிறேன். கவுன்சிலர் வருகிறார், உதவிப் பொறியாளர் வருகிறார், சாக்கடை, குப்பை, நாய், கொசு என்று மனுக்கள் வாங்குகிறார்கள். ஆனால் அடுத்த மன்றக் கூட்டத்தில் நம் வார்டுக்கு என்ன பொருள் வருகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. சபையில் ஒரு முறை கேட்டேன். "அது மன்ற விஷயம்மா, இங்க குறை மட்டும் சொல்லுங்க" என்றார் கவுன்சிலர். நல்ல மனிதர், கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறவர். ஏரியா சபையில் அஜெண்டாவை வாசிக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. குறை கேட்பது வேறு, கணக்கில் பங்கு கொடுப்பது வேறு. முன்னதற்கு மனுநாள் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். பத்து ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்திருந்து, தீர்மான நகலை வாங்கலாம். ஆனால் அது முடிந்துபோன கூட்டத்தின் நகல். வடிகால் கட்டிய பிறகு மதிப்பீட்டைப் படித்து என்ன செய்வது? அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை என்பது என் ஆதங்கம். ஒவ்வொரு பொது அமைப்பும் தன் மன்றங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, நடவடிக்கைக் குறிப்பை மக்கள் பார்க்க முடியுமா என்பதை, யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று 2005லேயே அந்தப் பிரிவு சொல்லிவிட்டது. கேரளத்தில் 'சகர்மா' என்ற மென்பொருளில் உள்ளாட்சிக் கூட்டங்களின் முடிவுகளைப் பதிந்து இணையத்தில் வைத்தார்கள். நம் நகராட்சிகளிலும் இன்று அஜெண்டா கணினியில்தான் தட்டச்சாகிறது. அதை இணையத்தில் ஏற்ற ஒரு சொடுக்குப் போதும். எங்கள் ஊர் இணையப் பக்கத்திலோ பழைய தீர்மானங்கள் சில கிடக்கின்றன, சாய்வாக ஸ்கேன் செய்த படங்களாக. அவற்றில் தெருப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

மன்றமே இல்லாமல் ஊர் நடந்த காலத்தையும் நினைவுபடுத்த வேண்டும். 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் நகராட்சிகளில் ஆணையர்களே தனி அலுவலர்கள். ஆணையர் என்ற முறையில் பொருளை வைப்பவரும், தனி அலுவலர் என்ற முறையில் அதை அனுமதிப்பவரும் ஒருவரே. தீர்மானப் புத்தகத்தில் பொருளும் இருக்கும், எண்ணும் இருக்கும், தீர்மானமும் இருக்கும். கூட்டம் மட்டும் இருக்காது. அந்தக் காலத்தின் பிற்பகுதியில்தான் நான் ஓய்வு பெற்றேன். என் மேசையிலிருந்த சக ஊழியர்களுக்கு வேலை சுலபமானது உண்மை. கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லாத அலுவலகம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அப்போது பார்த்தேன். அந்த அமைதிக்குப் பழகிப்போன நிர்வாகம்தான் 2022க்குப் பிறகு வந்த மன்றங்களையும் கையாள்கிறது. கவுன்சிலர்களில் பாதிப்பேர் பெண்கள், பலர் முதல் முறையாக வந்தவர்கள். அவர்கள் வீடுகளுக்குப் போகும் அஜெண்டா கட்டைக் கணவர் வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டு, "நீ கையை மட்டும் தூக்கு" என்று சொல்கிற வீடுகள் உண்டு. எல்லா வீடும் அப்படியில்லை. அஜெண்டா தெருவில் எல்லாருக்கும் தெரிந்தால், பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கவுன்சிலரிடம்தான் கேட்பாள், "அக்கா, இருபத்திரண்டாவது பொருள் நம்ம தெருவாமே?" என்று. அப்படி இரண்டு முறை கேட்டால் போதும், மூன்றாம் முறை கட்டை அவரே பிரிப்பார்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும், அவற்றைச் சொன்னவர்களோடுதான் வேலை பார்த்தேன். முன்பே வெளியிட்டால் ஒப்பந்ததாரர்கள் கூட்டுச் சேர்வார்கள் என்பார்கள். ஒப்பந்தப்புள்ளி திறந்து தொகை தெரிந்த பிறகுதான் பொருள் மன்றத்துக்கு வருகிறது. அதன் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வழக்கு சம்பந்தமான சட்டக் கருத்து, ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, தனிமனிதரின் மருத்துவ விவரம் ஆகியவற்றை மூடிய அறையில் பேசலாம், பேசவும் வேண்டும். காரணத்தை எழுதிவிட்டுப் பேசட்டும். மக்கள் வந்தால் கலாட்டா ஆகும் என்பார்கள். இப்போது நடக்கும் கலாட்டாவை விடவா? மக்களுக்கு ஆர்வமில்லை, போட்டாலும் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது கடைசி வாதம், அதிகம் கேட்ட வாதமும் அதுதான். எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. உரக்கூடம் வரும் தெருவில் நான்கு பேர், மார்க்கெட் கடைக்காரர்களில் இரண்டு பேர், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு ஓய்வூதியர். ஊருக்கு அவ்வளவு போதும்.

இதை அரசு கட்டாயமாக்க வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் நான்கைந்து வரி சேர்த்தாலே போதும். அதுவரை எந்த நகர்மன்றமும் தானாகவே செய்யத் தடை இல்லை. கவுன்சிலர் யாராவது இதைப் படித்தால் அவருக்காக, அலுவலக நடையிலேயே வரைவு எழுதித் தருகிறேன், அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

'இந்நகர்மன்றக் கூட்டங்களுக்கான பொருள் நிரல், அலுவலகக் குறிப்புகள் மற்றும் இணைப்புகளுடன், உறுப்பினர்களுக்குச் சார்பு செய்யப்படும் நாளிலேயே நகராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையிலும், வரி வசூல் மையங்களிலும், நகராட்சி இணையதளத்தில் தேடத்தக்க எழுத்துருவிலும் வெளியிடப்பட வேண்டும் எனவும். பேரிடர், தொற்றுநோய், குடிநீர்த் தடை நீங்கலாக, செலவினம் உள்ளடங்கிய எப்பொருளும் மேசைப் பொருளாக ஏற்கப்படலாகாது எனவும். பின்னேற்புக்கு வைக்கப்படும் ஒவ்வொரு பொருளிலும் அவசரத்துக்கான காரணமும் பணி தொடங்கிய நாளும் குறிப்பிடப்பட வேண்டும் எனவும். கூட்டத் தொடக்கத்தில் பொதுமக்கள் கருத்துக் கூற அரை மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும் எனவும். தீர்மானங்கள், ஆதரித்த மற்றும் எதிர்த்த உறுப்பினர்களின் பெயர்களுடன், ஏழு நாட்களுக்குள் வெளியிடப்பட வேண்டும் எனவும் இம்மன்றம் தீர்மானிக்கிறது.'

முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், இருவர் கையெழுத்துப் போதும். அஜெண்டா கட்டுவதற்கு முன்பே ஆணையரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பதிவாகாது. நகலில் தேதியோடு முத்திரை வைத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு, அந்த நகலை ஏரியா சபையிலும் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மாதக் கட்டில் அது வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று கேட்க உங்கள் வார்டில் ஆள் இருக்கும்.